மஞ்சள் பையைத் தூக்குகிறவர்கள்

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, இன்னொரு நிகழ்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கும் டத்தோ அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, இரவு ஷிப்டு முடிந்து தூங்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் கண்ட மலேசிய அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த சுங்கை சிப்புட்டில் தொழிலாளர்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள், நன்றி.

மருத்துவமனை ஊழியரின் மனநிறைவை சம்பளம், ஓய்வு, மரியாதை என்று மூன்றாகப் பேசலாம். சம்பளத்தைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே சொல்லிவிட்டார்: குறைந்தால் அதிருப்தி வரும், கூட்டினால் மட்டும் திருப்தி வந்துவிடாது. சரி. ஆனால் சுவர் இருந்தால்தான் சித்திரம். டாக்டரும் ஸ்கேன் மெஷினும் சித்திரம். வார்டைக் கழுவுகிற அக்காதான் சுவர்.

ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது. பயன்படுத்திய ஊசியைப் போடும் பெட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி முத்திரையிட வேண்டும். யாரும் மூடவில்லை. பெட்டியில் இடமில்லாததால், அவசரத்தில் ஒரு ஊசி மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் விழுந்தது. பையை வாய்க்கட்டில் பிடித்து, உடம்பில் படாமல் தூக்க வேண்டும். நான்கு பையை ஒரே நடையில் எடுத்தால் காலில் உரசத்தானே செய்யும்? பை தூக்கிய துப்புரவு அக்காவைக் குத்திவிட்டது. சூப்பர்வைசர் கேட்டாராம்: "அது எந்தக் கம்பெனி ஊசி?" (சிரிப்பு.) ஆஸ்பத்திரி, 'நீ கம்பெனி ஆள்' என்றது. கம்பெனி, 'குத்தியது ஆஸ்பத்திரியில்' என்றது. அக்கா இரண்டு கவுண்டருக்கும் நடந்தார். தாய்மார்களே, ஊசி குத்தினால் காயத்தைப் பிதுக்காதீர்கள், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நடந்ததை உடனே எழுதிக் கொடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ஏன் இந்த அலைக்கழிப்பு? அரசு மருத்துவமனைகளில் துப்புரவு 1997 முதல் தனியார் கையில். அதற்குக் கீழே துணைக் குத்தகை. வேலைச் சட்டப்படி ஆண்டு விடுப்பு முதல் இரண்டு வருடம் 8 நாள், ஐந்து வருடம் வரை 12, அதற்குமேல் 16. கம்பெனி மாறினால் அதே வார்டு, அதே துடைப்பம், விடுப்பு மட்டும் திரும்ப 8! சுவரை இடித்து இடித்துக் கட்டினால் சித்திரம் எங்கே வரைவது, டத்தோ?

நாம் கேட்பது ஒன்றுதான்: அடுத்த குத்தகைப் பத்திரத்தில், பழைய சேவைக் காலமும் கணக்கில் சேரும் என்று ஒரு வரி எழுதுங்கள். மகஜர் வாசல் மேசையில் இருக்கிறது. பெயரோடு அடையாள அட்டை எண்ணும் எழுதுங்கள். முதல் கையெழுத்து டத்தோ அவர்களுடையது. பேனா இதோ.