மரத்தடி இங்கிலீஷ்

நேயர்களுக்கு வணக்கம். நான் தையல்காரன். எங்கள் கடை முன்பு மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்துக்குள் இருந்தது. இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறது. இங்கிலீஷ் கற்றுக்கொள்ளும் ஐந்து நண்பர்களைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன்.

கூடவே ஆட்டோ ஓட்டும் ஓர் அண்ணன், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கச்சி, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, அப்போது கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குக் காந்தி மியூசியம் வளாகத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் கூடுவோம். ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்து, 1959 ஏப்ரலில் நேரு திறந்துவைத்து மியூசியமாக ஆன கட்டடம் அது. உள்ளே எவ்வளவு கூட்டம் வந்தாலும் மரத்தடி அமைதியாகவே இருக்கும்.

அதற்கு முன்னால் நான் பணம் கட்டி ஒரு வகுப்புக்குப் போனேன். மூன்று மாதம். வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், செய்தேன். கடைக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து சட்டை தைக்கக் கொடுத்தபோது அதில் ஒரு வாக்கியம்கூட வாய்க்கு வரவில்லை. இத்தனைக்கும் என் தொழிலில் பாதி வார்த்தை இங்கிலீஷ்தான். காலர், கஃப், ஹெம்மிங், ஓவர்லாக், பாபின். வார்த்தைகள் எல்லாம் கையில் இருந்தன. அவற்றைக் கோத்துச் சொல்ல ஒரு சேதியும், அதைக் கேட்க ஒரு ஆளும்தான் இல்லை.

மரத்தடியில் எங்களுக்கு ஒரே ஏற்பாடுதான். அந்த வாரம் தனக்கு நடந்த ஒன்றை ஒவ்வொருவரும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும் வரை யாரும் திருத்தக் கூடாது. முடித்ததும் கேட்டவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். இந்தக் கேள்விதான் எங்களை வளர்த்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்துவிடலாம், என்ன கேள்வி வரும் என்று யாருக்குத் தெரியும்? கேள்வி கேட்பதும் லேசான காரியம் இல்லை. தமிழில் ‘போனேன்’ என்பதைக் கேள்வியாக்கினால் ‘போனாயா’. நடந்து முடிந்த காலம் அந்த வினைச்சொல்லிலேயே உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷில் அது ‘டிட்’ என்ற சொல்லுக்கு மாறிவிடும், ‘வெண்ட்’ மறுபடி ‘கோ’ ஆகிவிடும். ‘டிட் யூ வெண்ட்’ என்று நாங்கள் மாதக்கணக்கில் கேட்டிருக்கிறோம். நர்ஸ் தங்கச்சி ஒருநாள் தானாகவே ‘டிட் யூ கோ’ என்று கேட்டபோது அம்மா கைதட்டிவிட்டார்.

2025 பங்குனியில் அம்மா ஒரு கேள்வியோடு வந்தார். மகன் வெளிநாட்டில் இருக்கிறார். பேரன் போனில், ‘பாட்டி, இங்கே ஸ்பிரிங் வந்துவிட்டது, உங்கள் ஊரில் வந்துவிட்டதா?’ என்று கேட்டிருக்கிறான். மதுரையில் ஸ்பிரிங் எப்போது என்று அம்மா எங்களைக் கேட்டார். எனக்கு ஸ்பிரிங் என்றால் தையல் மெஷினில் மேல்நூலை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சுருள். அது தளர்ந்தால் துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கும். தம்பி அகராதியைப் பார்த்து ‘வசந்தம், இளவேனில்’ என்று வாசித்தான். நம் கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். மாசியும் பங்குனியும் பின்பனி. அப்படியானால் இன்னும் வரவில்லை என்று பேரனிடம் சொல்வதா? அண்ணன் மேலே காட்டினார். நாங்கள் உட்கார்ந்திருந்த வேம்பு பழைய இலையெல்லாம் கொட்டிவிட்டு, செம்பு நிறத்தில் கொழுந்து விட்டு, ஊடே வெள்ளையாகப் பூ எடுத்திருந்தது. அம்மாவின் மடியில் நாலைந்து பூ கிடந்தது. ‘நீம் ட்ரீ சேஸ் யெஸ்’ என்றார் அண்ணன். அம்மா அதை அப்படியே பேரனிடம் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அண்ணன் தன் சேதியின் முடிவில், ‘நெக்ஸ்ட் சண்டே வி ஆர் கோயிங் டு அழகர்மலை’ என்றார். அம்மா உடனே, ‘வாட் டைம் ஷுட் ஐ கம்?’ என்று கேட்டார். அண்ணன் திகைத்துப்போனார். அவர் சொன்னது தன் வீட்டாரோடு போவதை. தமிழில் சொல்லியிருந்தால் ‘நாங்கள் போகிறோம்’ என்றிருப்பார், அம்மாவும் ‘நல்லபடியாகப் போய்ட்டு வாங்க’ என்றிருப்பார். இங்கிலீஷில் நாங்களுக்கும் நாமுக்கும் ஒரே ‘வி’தான். தம்பி அதை விளக்க வாயெடுத்தான். அண்ணன் கையமர்த்தி, ‘நாம்னே வச்சுக்கங்கம்மா. காலையில ஏழு மணி, மாட்டுத்தாவணி’ என்றார்.

சரி என்று அவருடைய மனைவி, இரண்டு பிள்ளைகள், நாங்கள் நாலு பேர், எல்லாரும் பஸ் ஏறினோம். மதுரையிலிருந்து அழகர்கோவில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். சாமி கும்பிட்டு, அழகர்கோவில் தோசைப் பிரசாதம் வாங்கிக்கொண்டு மலைக்கு மேலே நூபுர கங்கைக்குப் போனோம். வெளியே அந்த வெயில் அடிக்கிறது, அங்கே தீர்த்தம் பனிக்கட்டி மாதிரி விழுகிறது. பாறைக்குள்ளிருந்து ஊறி வரும் தண்ணீர். அண்ணனின் சின்னப் பெண் நாலாவதோ ஐந்தாவதோ படிக்கிறாள். தலையைத் துவட்டிக்கொண்டே, ‘இதுக்கும் ஸ்பிரிங்னுதான் எங்க டீச்சர் சொன்னாங்க’ என்றாள். தம்பி போனில் தேடினான். அவள் சொன்னது சரிதான், ஊற்றுக்கும் ஸ்பிரிங்தான். மரம் இலைவிடும் காலத்துக்கு அந்தப் பேர் வந்ததும் துள்ளி எழுவது என்ற பொருளில்தானாம். என் மெஷின் சுருளும், வேப்பங்கொழுந்தும், நூபுர கங்கையும் ஒரே சொல்லில் வந்து நின்றதை நினைத்து நான் பஸ்ஸில் வீடு வரும் வரை சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சொல் எனக்கு இனி மறக்காது.

அப்புறம் ஏப்ரல் மாதம் பாம்பன் புதுப் பாலம். 6ஆம் தேதி திறந்தார்கள். 1914இல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. நர்ஸ் தங்கச்சி தன் அம்மாவுக்காக அந்த மாதமே ஒரு நாள் லீவு போட்டாள். அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய அம்மாவின் நெடுநாள் ஆசை. வந்த வாரம் மரத்தடியில் அவள் சொன்ன சேதியை நான் இன்னும் வரி வரியாகச் சொல்வேன். பாலம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு, கப்பல் வந்தால் அப்படியே நேராக மேலே போகும். பழைய பாலம் இரண்டு கை போல விரிந்து திறக்கும். இது எப்படி என்று சொல்ல அவளுக்கு வார்த்தை அகப்படவில்லை. எழுந்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் ஏந்தி மெதுவாக உயர்த்திக் காட்டினாள். ‘லைக் லிஃப்ட் இன் மை ஹாஸ்பிட்டல்’ என்றாள். அண்ணன் கேட்ட கேள்வி, ‘தென் வேர் வில் தி ட்ரெயின் ஸ்டாண்ட்?’ அவர் ஆட்டோக்காரர், அவருக்கு அந்தக் கவலைதான் முதலில் வரும். அம்மா கேட்டார், ‘வாட் டிட் யுவர் மதர் சே?’ தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘ஷீ ஹெல்ட் மை ஹாண்ட். ஒன்லி தட்’ என்றாள். எந்த வகுப்பிலும் இந்த வாக்கியத்தை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

சித்திரை பிறந்தால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரியெடுத்து ஆடுகிறவர்கள் எல்லாரும் உடை தைக்க வருவார்கள். சல்லடம் என்பது முழங்கால் வரை வரும் கால்சட்டை. பளபளப்பான துணியில், ஓரத்தில் ஜரிகை வைத்துத் தைக்க வேண்டும். ஜரிகை வளைவில் சுருங்காமல் இருக்க விரலால் நீவி நீவித்தான் ஊசிக்கு அடியில் விட வேண்டும். அவசரப்பட்டால் ஊசி ஒடியும். அந்த வருஷம் என் வாரச் சேதி முழுக்க இதுதான். பட்டன் போடும் ஓட்டையை நாங்கள் காஜா என்போம். அதற்கு இங்கிலீஷில் ‘பட்டன்ஹோல்’ என்று இத்தனை வருஷம் தைத்த பிறகு மரத்தடியில்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்குள் தம்பி படிப்பு முடிந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஞாயிறு தவறாமல் குரல் பதிவு அனுப்புவான். மெஸ் சாப்பாடு, நைட் ஷிப்ட், பக்கத்து ரூம்காரரின் இந்தி. நாங்கள் போனை நடுவில் வைத்துக் கேட்போம். அந்தத் திருவிழாவுக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவன் அழகரைப் பார்க்காத முதல் வருஷம்.

மே 12, சித்ரா பௌர்ணமி. விடியும் முன்பே, அழகர் வைகையில் இறங்கும் ஆழ்வார்புரம் பக்கம் போய் நின்றுவிட்டேன். முன்னாலும் பின்னாலும் ஜனம். சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிப் பெண்கள் நிற்கிறார்கள், தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. நான் தைத்த சல்லடம் இரண்டை அந்தக் கூட்டத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன். அப்போது போன் அதிர்ந்தது. ஓசூரிலிருந்து தம்பி. ‘அண்ணா, வாட் கலர் இஸ் ஹீ வேரிங்?’

அழகர் பச்சைப்பட்டு உடுத்தி வந்தால் ஊர் செழிக்கும் என்பது நம் நம்பிக்கை. மதுரைக்காரன் எங்கே இருந்தாலும் அன்றைக்குக் கேட்பது இதுதான். தங்கக் குதிரை ஆற்றில் இறங்கியது. போனை வாயருகில் வைத்து, ‘கிரீன், தம்பி. கிரீன் சில்க். வி ஆர் ஆல் வெட்’ என்று சொன்னேன். அதற்கு மேல் சொன்னதெல்லாம் கோவிந்தா சத்தத்தில் அமுங்கிப்போய்விட்டது. அந்தப் பதிவை அவன் ஷிப்ட் முடியும் வரை திரும்பத் திரும்பக் கேட்டானாம். அடுத்த ஞாயிறு அவன் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். அந்த ‘வி’யில் நானும் உண்டா, அண்ணா?

உண்டு என்று நாலு பேரும் ஒரே குரலில், தமிழில் சொன்னோம். வணக்கம்.