எங்கே, கையை வைத்துக் காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். “டாக்டர், எனக்கு அஜீரணம்” என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “எங்கே, கையை வைத்துக் காட்டுங்கள்” என்பதுதான். ஒருவர் தொப்புளுக்கு மேலே வைப்பார். ஒருவர் நடு நெஞ்சைத் தடவுவார். இன்னொருவர் வயிறு முழுக்க வட்டம் போடுவார். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, மேல்வயிற்று எரிச்சல், உமட்டல், புளித்த ஏப்பம் எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் இது ஒன்றுதான்.

எனக்குப் பிடித்த கதை ஒன்று சொல்கிறேன். 1822-இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் வயிற்றில் தவறுதலாகக் குண்டு பாய்ந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் இரைப்பைக்குள் எட்டிப் பார்க்கும்படி ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. ராணுவ டாக்டர் வில்லியம் போமண்ட் விடுவாரா? இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் என்று துண்டு துண்டாகப் பட்டுநூலில் கட்டி உள்ளே விடுவார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்ப்பார், மறுபடி விடுவார். பாவம், அந்த மனிதருக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? அவர் கோபப்பட்டால் செரிமானமே தடுமாறுகிறது என்பதையும் போமண்ட் கவனித்தார். 1833-இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். இதில் வேடிக்கை, டாக்டர் இறந்த பிறகும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் செயின்ட் மார்ட்டின் உயிரோடு இருந்தார்!

எதற்குச் சொல்கிறேன் என்றால், வயிறு வெறும் பை இல்லை. சாப்பாடு வரும்போது அதன் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அது சரியாகத் தளர்வதில்லை. எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்த்தால் புண் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அவர் அவஸ்தை நிஜம், பொய்யில்லை. வீட்டில் தயவுசெய்து “எல்லாம் மனசுதான்” என்று சொல்லாதீர்கள். அப்புறம், மூட்டுவலிக்கு அடிக்கடி வலிமாத்திரை போடுகிறவர்கள் வயிற்றுப் புண்ணையும் நினைவில் வையுங்கள். ஹெலிகோபாக்டர் என்ற கிருமியாலும் புண் வரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிவிட்டது என்கிறார்கள். சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காரணமில்லாமல் எடை குறைந்தால், விழுங்கச் சிரமமானால், மலம் தார் போலக் கறுத்தால், வாந்தியில் ரத்தம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். நடு நெஞ்சில் கை வைத்தாரே, அவருக்குத்தான் இது: நெஞ்சு இறுக்கத்தோடு வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், கேஸ்தான், ஏப்பம் வந்தால் போய்விடும் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வணக்கம்.