பழனி பாதயாத்திரை: அந்த நடைபாதையில் காரை நிறுத்தாதீர்கள்!

வணக்கம் மக்களே! குரல் கரகரவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் அரோகரா போட்ட தொண்டை இது. தைப்பூசம் முடிந்து பழனியிலிருந்து வந்து, குளித்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். வழக்கம்போல ஒரு வாரம் எடிட் செய்துவிட்டுப் பேசலாம் என்றால் மனசு கேட்கவில்லை. ஏனென்றால் எனக்கு அவ்வளவு கோபம்.

எதில் கோபம்? நடைபாதை. திண்டுக்கல் - பழனி சாலையோரம், பாதயாத்திரை போகிறவர்களுக்கென்றே பேவர் கல் பதித்துப் பாதை போட்டிருக்கிறார்கள் இல்லையா, அது. அருமையான வேலை. போட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அதன்மேல் காரை நிறுத்துகிறார்களே! டீ குடிக்க ஒரு கார், அந்தக் காருக்குப் பின்னால் ஒரு வேன், அதை ஒட்டிக் கரும்புச்சாறு வண்டி. ஒட்டன்சத்திரம் தாண்டினதும் ஒருவரிடம் பொறுமையாகத்தான் கேட்டேன். "ரெண்டு நிமிஷம்தான் சாமி, அப்படி ரோட்டுல இறங்கிப் போங்களேன்" என்கிறார். ரோட்டில் இறங்குவதா? ராத்திரி நேரம். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு லாரிகள் விரட்டிக்கொண்டு வருகிற சாலை அது. நாமாவது உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்துவிடலாம். தோளில் காவடி இருக்கிறவர் என்ன செய்வார்? காவடியைச் சாய்க்க முடியாது, கீழே வைக்கவும் மாட்டார். அந்த ஒரு காருக்காக அவருக்குப் பின்னால் வருகிற குழந்தைகுட்டி எல்லாமே தார் ரோட்டுக்கு இறங்குகிறது. இந்தச் சாலைகளில் பாதயாத்திரை போகிறவர்கள் மேல் வண்டி மோதியதாக வருஷாவருஷம் செய்தி படிக்கிறோம். அப்புறமும் ரெண்டு நிமிஷமாம்.

சரி, பாதைக்கு அப்புறம் மறுபடி வருவேன். முதலில் எங்கிருந்து நடந்தேன் என்று சொல்லவே இல்லையே. இந்த முறை சிங்கம்புணரியில் போய்ச் சேர்ந்துகொண்டேன். குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடிகள் வருகிற வழி அது. சமுத்திராப்பட்டி, நத்தம், திண்டுக்கல், அப்படியே பழனி. 400 வருஷத்துக்கு மேலாக வருகிற வழக்கம். சர்க்கரைக் காவடி பார்த்திருக்கிறீர்களா? அலங்காரம் பெரிதாக இருக்காது, சத்தம் இருக்காது, நடை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு இந்தக் காவடிதான் பிடிக்கும். ஸ்பீக்கர் கட்டிய வண்டியில் சினிமா மெட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு கூடவே வருகிறார்களே, அது எனக்கு ஆகவே ஆகாது.

நத்தத்துக்கு முன்னால் ஓர் ஆச்சியைப் பார்த்தேன். எழுபது தாண்டியிருக்கும். பச்சைச் சேலை, தோளில் ஒரு துணிப்பை, செருப்பு கிடையாது. எல்லாரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்க, ஆச்சி மட்டும் துண்டை விரித்து நீட்டிப் படுத்து, காலைத் தூக்கிப் பை மேல் வைத்துக்கொண்டார். "உக்காந்தா எந்திரிக்கும்போது கால் கட்டை மாதிரி ஆயிரும் தம்பி. படுத்து எந்திரி" என்றார். மக்களே, செய்து பாருங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் படுத்துத்தான் எழுந்தேன், திண்டுக்கல் வரைக்கும் கெண்டைக்கால் பிடிப்பே இல்லை. பழனிக்குப் போய் என்ன வேண்டிக்கொள்வீர்கள் என்று ஆச்சியிடம் கேட்டேன். "என்னத்தக் கேக்குறது? வந்துட்டேன்னு சொல்லணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்துவிட்டார். என்னைவிட வேகம். நத்தத்துக்கு அப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு குடும்பம். எல்லாரும் சாப்பாடு, மோர், பானகம் கொடுக்கிறார்கள், இவர்கள் வெந்நீர் கொடுக்கிறார்கள். குடிக்க இல்லை, காலுக்கு. வீட்டு வாசலில் வரிசையாக பிளாஸ்டிக் பேசின், கல்லுப்புப் போட்ட வெந்நீர். காலை வைத்து உட்கார்ந்தால் அந்த வீட்டுப் பிள்ளை துண்டு கொண்டுவந்து கொடுக்கிறான், அவன் அம்மா கோடாலித் தைலத்தை நீட்டுகிறார். பணம் நீட்டினால் கோபப்படுகிறார்கள். "நீங்க நடக்குறீங்க, எங்களால கடையை விட்டுட்டு நடக்க முடியல, எங்களுக்கும் சேர்த்து நடங்க" என்றார் அந்த அண்ணன். கேமராவை எடுத்தேன், வேண்டாம் என்றார், உள்ளே வைத்துவிட்டேன். அதனால்தான் அந்தக் காட்சி வீடியோவில் இருக்காது.

அய்யோ, ஒளிர் பட்டை! வண்டி வெளிச்சம் பட்டால் இருட்டில் பளிச்சென்று தெரியுமே, அதை விட்டுவிட்டேன் பாருங்கள். பையில் முன்பக்கம் ஒட்டிப் பிரயோஜனமில்லை, பின்னால் வருகிற வண்டிக்குத்தான் நீங்கள் தெரிய வேண்டும். பை மேல் துண்டைப் போட்டு மூடிவிடாதீர்கள். பேவர் பாதை இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடங்கள். நான் சந்தித்த பாதிப் பேர் இடது ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டுதான் போனார்கள். ஒவ்வொரு குழுவாக நிறுத்திச் சொல்லிக்கொண்டே வந்தேன். நிறையப் பேர் மாறினார்கள், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

விருப்பாட்சி வந்தால் எனக்குக் கால்வலி மறந்துவிடும், உங்களுக்குத் தெரியும். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த கோபால் நாயக்கர் ஊர். பஞ்சாமிர்தத்துக்குப் போடுகிற மலைவாழையும் இந்த ஊர்ப் பேரில்தான் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. பழம் சின்னது, தோல் கருத்துப்போனால்தான் ருசி. அப்புறம் ஆயக்குடியில் கொய்யா. மிளகாய்ப்பொடி போடாமல் வாங்குங்கள், அந்தக் கொய்யாவுக்கு அது தேவையே இல்லை.

இனி மலை. "மேலே ஏன் வீடியோ எடுக்கவில்லை" என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலில் செல்போன், கேமரா எதற்கும் அனுமதி இல்லை. அடிவாரத்தில் 5 ரூபாய் கட்டி ஒப்படைத்துவிட்டு ஏற வேண்டும். இந்தத் தடையை நான் முழு மனதாக ஆதரிக்கிறேன். முன்பெல்லாம் சந்நிதி வரிசையில் முன்னால் நிற்கிறவர் தலைக்கு மேல் தூக்கிய போனைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். இப்போது யானைப்பாதையில் ஏறும்போதே பக்கத்தில் வருகிறவரோடு பேச்சு வருகிறது. கிரிவீதியிலும் தனியார் வண்டிகளுக்குத் தடை, நிம்மதியாகச் சுற்றலாம். அதே கண்டிப்பு ஒட்டன்சத்திரம் சாலை நடைபாதைக்கும் வேண்டும். பூசம் நடக்கிற நாட்களிலாவது அதன்மேல் ஒரு சக்கரம் ஏறக் கூடாது. பாருங்கள், மறுபடி அங்கேயே வந்துவிட்டேன்.

பூசம் முடிந்தும் நான் பழனியிலேயே தங்கினது எடப்பாடிக்காரர்களுக்காக. சேலம் மாவட்டத்திலிருந்து காவடியோடு நடந்து வருகிறார்கள். மலை மேல் ராத்திரி தங்குகிற உரிமை அவர்களுக்கு உண்டு. டன் கணக்கில் பஞ்சாமிர்தம் அங்கேயே தயாரிக்கிறார்கள். மறுநாள் இறங்கி வந்த ஒரு பெரியவர் வாழையிலைத் துண்டில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தார். கடை டப்பாவில் இருக்கிற வழவழப்பு இல்லை. பழம் பழமாக, கற்கண்டு பல்லில் நறநறவென்று கடிபட, ஏலக்காய் தூக்கலாக. நான் சாப்பிட்டதிலேயே இதுதான் முதலிடம்.

அடுத்த வருஷம் அவர்களோடு எடப்பாடியிலிருந்தே நடப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த வழியில் நடந்தவர்கள் இருந்தால், ராத்திரி எங்கே தங்குவீர்கள், எந்த இடத்தில் சாலை மோசம் என்று கீழே எழுதுங்கள். நான் உட்கார்ந்து படிக்கிறேன்.