சி தேப்: காளை சுற்றிவந்த அகழி

எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு கதை. தாய்லாந்தில், பெச்சபூன் மாகாணத்தில், சி தேப் என்ற பழைய நகரத்தை ஒட்டி வாழும் மக்கள் சொல்லும் கதை.

காட்டில் இரண்டு முனிவர்கள் இருந்தார்கள். ஒருவர் தா ஃபை, அதாவது தீக்கண்ணர். மற்றவர் தா வுவா, மாட்டுக்கண்ணர். தீக்கண்ணரிடம் நகரத்து அரசனின் மகன் பாடம் படித்துவந்தான். ஒரு நாள் முனிவர் அவனுக்கு இரண்டு கிணறுகளைக் காட்டினார். ஒன்றின் தண்ணீர் பட்டால் சாவு. இன்னொன்றின் தண்ணீரை ஊற்றினால் செத்தவர் எழுந்துவிடுவார். பையன் நம்பவில்லை. “சரி, நானே குளித்துக் காட்டுகிறேன், நீ என்னை எழுப்பிவிடு” என்று வாக்கு வாங்கிக்கொண்டு முனிவர் குளித்தார், செத்தும் போனார். பையன் தண்ணீர் ஊற்றவில்லை. நகரத்துக்கு ஓடிவிட்டான்.

தேடி வந்த மாட்டுக்கண்ணர்தான் அவரை எழுப்பினார். எழுந்தவருக்கு வந்த கோபத்தில் ஒரு காளை பிறந்தது, வயிறு நிறைய விஷத்தோடு. அது நகரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. ஏழாம் நாள் உள்ளே நுழைந்ததும் வயிறு வெடித்தது. ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் சி தேப் போனேன். பாங்காக்கிலிருந்து வடக்கே மூன்று நான்கு மணி நேரப் பயணம். ‘ஸ்ரீ தேவ’ என்பதுதான் அங்கே ‘சி தேப்’ ஆகியிருக்கிறது. 1904இல் தாய்லாந்து இளவரசர் தம்ரோங் இந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தபோது காடு மூடிக் கிடந்தது. 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

நகரம் இரண்டு பகுதி. உள்நகரம் கிட்டத்தட்ட வட்டம். அதோடு ஒட்டிக்கொண்டு வெளிநகரம். இரண்டையும் சேர்த்தால் சுமார் 4.7 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் அகழி, அகழியை ஒட்டி மண்கரை. பள்ளம் தோண்டிய மண்ணே கரை. கல்லில் கட்டிய மதில் எதிர்பார்த்துப் போனால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும்: மரம் வளர்ந்த ஒரு மேடு, கீழே தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் அந்த மேட்டில் நின்று பாருங்கள். கோடையில் காய்ந்துபோகும் பூமி அது. எதிரிக்குப் பயந்து மட்டும் யாரும் இத்தனை மண்ணை வாரியிருக்க மாட்டார்கள், தண்ணீருக்காகவும்தான் என்று எனக்குத் தோன்றியது. நகரத்துக்குள்ளே குளங்களும் நிறைய.

உள்ளே காவ் கிளாங் நாய் என்ற பௌத்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் சுதையில் செய்த குள்ளர்கள் வரிசையாகப் பாரம் தாங்குகிறார்கள். மனித உடல்தான், சிலருக்கு மட்டும் விலங்கு முகம். முழங்கையை விரித்து, தலைக்கு மேலே இருப்பதை மூச்சைப் பிடித்துத் தூக்குகிறார்கள். அந்த வரிசைக்கு முன்னால் நான் வெகுநேரம் குந்தியிருந்தேன். நகரத்துக்கு வெளியே உள்ள காவ் கிளாங் நோக் என்ற பௌத்தத் தூபி இன்னும் பிரம்மாண்டம். செம்பூராங்கல்லில், பக்கத்துக்கு 64 மீட்டர்.

இங்கே கிடைத்த கல்வெட்டுகளில் பல்லவ எழுத்தில் வெட்டியவை உண்டு. மொழி சமஸ்கிருதம், பாலி. நம் கரையிலிருந்து போன எழுத்து அது. கோவர்த்தனம் தூக்கும் கண்ணன் சிலை ஒன்றும் இங்கிருந்து பாங்காக் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறது.

அப்புறம், நகரம் ஏன் வெறிச்சோடியது? சுமார் 13ஆம் நூற்றாண்டில் மக்கள் போய்விட்டார்கள். கொள்ளைநோய் அல்லது வறட்சி என்பது ஒரு கருத்து. விஷம் ஊர் முழுக்கப் பரவியது என்ற கதையை இதோடு வைத்துப் பாருங்கள். கதை சரித்திரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆளில்லாத நகரத்தின் பக்கத்தில் பிற்பாடு குடிவந்தவர்கள், இத்தனை பெரிய ஊர் எப்படிக் காலியானது என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த பதில் இது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது.

பிராங் சோங் பீ நோங், அதாவது உடன்பிறப்புக் கோயில்களில் சின்னதன் வாசலுக்கு மேலே, காளை மீது சிவனும் உமையும் அமர்ந்த கல் இருக்கிறது. கதையில் வரும் காளைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

நீங்கள் போனால், நேராகக் கோயில்களுக்குப் போய்விடாதீர்கள். காலையிலேயே கரையில் ஏறி, அகழியை ஒட்டிக் கொஞ்ச தூரமாவது நடங்கள். காளை சுற்றிய பாதை அதுதான்.