முக்கோணத்தில் விடுபட்ட சரக்கு

எல்லோருக்கும் வணக்கம். அட்லாண்டிக் அடிமை வணிகம் என்றாலே புத்தகத்தில் ஒரு முக்கோணம் போட்டுவிடுவார்கள். ஐரோப்பாவிலிருந்து சரக்கு ஆப்பிரிக்காவுக்கு, அங்கிருந்து மனிதர்கள் அமெரிக்காவுக்கு, திரும்பும்போது சர்க்கரை. படம் தப்பில்லை. ஆனால் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் பிரான்சின் நாந்த் துறைமுகத்திலும் ஏற்றிய சரக்கு எங்கே தயாரானது என்று அது சொல்வதில்லை.

அதில் பெரும்பங்கு துணிதான், அதிலும் கணிசமானது குஜராத்திலும் வங்காளத்திலும் நம் சோழமண்டலக் கரையிலும் நெய்தது. மேற்கு ஆப்பிரிக்க வியாபாரிகள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை, நிறமும் நெசவும் பார்த்துத்தான் எடுப்பார்கள். மான்செஸ்டர்காரர்கள் இந்தியத் துணியைப் பார்த்து அதே மாதிரி நெய்து அனுப்பியபோது சாயம் போகிறது என்று வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவுரிச் சாயம் ஏற்றிய புதுச்சேரி நீலத்துணி பிரான்ஸ் வழியாக செனகல்வரை போனது. மாலத்தீவுச் சோழியோ மேற்கு ஆப்பிரிக்காவின் உய்தா துறைமுகத்தில் காசாகவே புழங்கியது. இதற்காக நம் நெசவாளியைக் குற்றம் சொல்ல வரவில்லை, தான் நெய்த துணிக்கு ஈடாக என்ன வாங்கப்பட்டது என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

வாங்கியது மனிதர்களை. ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேரைக் கப்பலில் ஏற்றினார்கள், கரை இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மீதிப் பேர் கடலோடு போனார்கள். ஏற்றியவர்களில் ஆண்களே அதிகம் என்பதால், அங்கோலா போன்ற பகுதிகளில் வயலும் வீடும் பெண்கள் தலையில் விழுந்தன.

சரி, போய்ச் சேர்ந்த இடம்? கரீபியன் தீவான பார்படோஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1640-களில் கரும்பு நுழைந்ததும் சிறு விவசாயிகளின் நிலம் பெரிய தோட்டங்களுக்குள் போனது, 1661-லேயே அடிமைகளுக்கென்று தனிச் சட்டம் எழுதிவிட்டார்கள். வெட்டிய கரும்பு சீக்கிரம் புளித்துப்போகும், ஆகவே அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்பை ஊட்டுகிறவரின் கை உருளையில் மாட்டினால் வெட்டி எடுக்க, பக்கத்திலேயே கோடாரி வைத்திருப்பார்கள். அதாவது, விபத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆலை நடந்தது.

லண்டனில் உட்கார்ந்தே லாபம் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்: கடன் கொடுத்தவர், காப்பீடு எழுதியவர், கப்பலில் பங்கு வைத்தவர். 1781-இல் ஸோங் என்ற அடிமைக் கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். வழக்கு நீதிமன்றம் வந்தது, கொலைக்காக அல்ல, காப்பீட்டுப் பணத்துக்காக.

அப்புறம் 1833-இல் பிரிட்டனின் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம். 2 கோடி பவுண்டு இழப்பீடு, முழுக்க முதலாளிகளுக்கு! விடுதலையானவர்களுக்கு ஒரு காசு கிடையாது, போதாததற்கு பெரும்பாலோர் 1838 வரை அதே முதலாளியிடம் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு முழுதாகத் தீர்த்தது 2015-இல்தான், கரீபியனிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கட்டிய வரியும் அதில் சேர்த்தி.