"இவருக்கு மோர் ஊத்துப்பா!"

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பசியோடு உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றிய பேச்சைக் கேட்கும் பெரியோர்களே, வணக்கம். 'மதியச் சாப்பாட்டில் மனநிறைவு தருவது பழகிய மெஸ்ஸா, தெருமுனையில் புதிதாகத் திறந்த கஃபேயா?' நான் கஃபே கட்சி.

எனக்கு முன்னால் பேசிய ஐயா ஒரு வெடி போட்டுவிட்டுப் போனார். "கஃபேயில தட்டு பெரிசு, சோறு திருஷ்டிப் பொட்டு" என்றார். நீங்களும் தட்டினீர்கள் கையை. சரி ஐயா, உங்கள் மெஸ்ஸுக்கே வருகிறேன்.

மதியம் ஒரு மணிக்குப் போனேன். இடம் கிடைத்தது. கூடவே என் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் கிடைத்தார். எப்போது எழுந்திருப்பேன் என்று காத்திருக்கிறவர். நான் சாம்பாரில் இருந்தபோது சும்மா நின்றார். ரசத்துக்குப் போனேன், நாற்காலியைப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். "இன்னுமா?" என்று ஒரு குரல். அடுத்து சர்வரைக் கூப்பிட்டு அவரே சொல்கிறார்: "தம்பி, இவருக்கு மோர் ஊத்துப்பா!"

இருங்கள், சிரிப்பதற்கு முன் முழுசாகக் கேளுங்கள். நான் மோர் கேட்கவே இல்லை! இலை என்னுடையது, காசு என்னுடையது, மோர் மட்டும் அவர் முடிவு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டில்கூட எனக்கு மோர் ஊற்றச் சொல்லி யாரும் குரல் கொடுத்ததில்லை. சர்வரும் ஊற்றிவிட்டார், ரசத்தின் மேலேயே! "கொஞ்சம் பொறுங்க சார்" என்று நான் திரும்புகிறேன், அவர் என் இலையை எனக்காக மடிக்கக் கை நீட்டுகிறார். ஐயா, மெஸ்ஸில் சோற்றுக்கு அளவில்லை, ஒத்துக்கொள்கிறேன். உட்காருவதற்குத்தான் அளவு!

கஃபே நம்ம ஊர்ப் பழக்கமே இல்லை என்றும் சொன்னார்கள். திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948இல் திறந்தது. இட்லி முங்க முங்க சாம்பார் ஊற்றும் கடை, பலகையில் கஃபே. அதுவும் ஒருநாள் தெருவுக்குப் புதுக் கடைதானே? அன்றைக்கு உங்கள் தாத்தா 'பழகிய இடம் போதும்' என்று திரும்பியிருந்தால்? ஏசிக்கு வரி என்று பயமுறுத்தினார்கள். சாதாரண உணவகத்துக்கு ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே 5 சதவீதம் என்றாகி 2017 நவம்பரிலிருந்து நடக்கிறது. எதிரணி இன்னும் பழைய பில்லையே வைத்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. எங்கள் தெருவில் நாலே மேசையோடு ஒரு கஃபே திறந்திருக்கிறார்கள். மதியம் அம்மாவைக் கூட்டிப் போனேன். எழுபது வயசு தாண்டியவர். எங்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சியதைப் பார்த்து உட்காருகிறவர். கடைப் பையன் என்னிடம் வரவில்லை. நேராக அவரிடம் போய், "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்றான்.

அம்மாவுக்குப் பதில் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் அவர் கேட்கிற கேள்வி அது, அவரிடம் யார் கேட்டார்கள்? பையனும் அவசரப்படுத்தாமல் நின்றான். மெதுவாகச் சொன்னார்: "சூடா ஏதாவது குடுப்பா."

சூடாகவே வந்தது. வரும் ஞாயிறும் அங்கேதான் சாப்பாடு. நடுவர் அவர்களே, நீங்களும் வாருங்கள், பில் எதிரணிக்கு. நன்றி, வணக்கம்.