டாக்டர் ஃபுக்ஸின் புகாட்டி ராயல்

அவையோருக்கு வணக்கம்.

பிரான்சின் புகாட்டி நிறுவனம் செய்த ஆடம்பரக் கார் புகாட்டி ராயல். அதன் பேரைச் சொன்னாலே விலையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உலகில் எஞ்சியிருக்கும் அசல் வண்டிகள் ஆறு. அவற்றில் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், எண் 41121 கொண்ட வண்டியை மட்டும் இன்று பார்ப்போம். அது கை மாறிய கதையையும் பழுது பார்க்கப்பட்ட கதையையும் தனித்தனியாகச் சொல்லவே முடியாது.

நிறுவனத்தைத் தொடங்கிய எட்டோரே புகாட்டி 25 வண்டிகள் செய்ய நினைத்தார். பொருளாதார மந்தம் வந்தது. வெளியாருக்கு விற்றவை மூன்றே மூன்று. ஒன்றை வாங்கியவர் ஜோசப் ஃபுக்ஸ் என்ற ஜெர்மன் மகப்பேறு மருத்துவர். அப்போதெல்லாம் சேசிஸை ஓரிடத்தில் வாங்கி, பாடியை வேறொரு பட்டறையில் கட்டிக்கொள்வார்கள். இதற்கு ம்யூனிக்கில் லுட்விக் வைன்பெர்கர் பாடி கட்டினார். 1932-இல் கருப்பும் மஞ்சளுமாக வண்டி வெளியே வந்தது. நாட்டில் அரசியல் நிலைமை கெட்டதும் மருத்துவர் ஸ்விட்சர்லாந்து போனார், பிறகு ஷாங்காய், கடைசியில் நியூயார்க். மூன்று டன் வண்டியும் அவரோடு கடல் கடந்தது.

நியூயார்க் குளிரில் எஞ்சினுக்குள் நின்ற தண்ணீர் உறைந்தது. உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். வார்ப்பிரும்பு அதற்கு வளைந்து கொடுக்காது. சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடலான பிளாக் வெடித்தது. 12,763 சிசி, ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர். புகாட்டி எஞ்சினில் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் தனியாகக் கழலாது. பிளாக்கோடு சேர்ந்த ஒரே வார்ப்பு. வால்வைத் தேய்க்க வேண்டுமென்றால்கூட பிளாக் முழுவதையும் தூக்கியாக வேண்டும். இப்படி ஒன்று விரிசல் கண்டால் யார் செலவழிப்பார்? வண்டி பழைய இரும்புக் கிடங்குக்குப் போனது.

1943-இல் அதை அங்கிருந்து மீட்டவர் சார்லஸ் செய்ன். ப்யூக் என்ற அமெரிக்கக் கார் நிறுவனத்தின் பொறியாளர், பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் துணைத் தலைவர். அவர் வண்டியை ஓட்டவே விரும்பினார். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஒற்றைக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைப் புதிதாகச் செய்து நான்கு கார்புரேட்டர் மாட்டினார். சிப்பி வெள்ளையும் கரும்பச்சையுமாக வண்ணத்தையும் மாற்றினார். பிறகு அவரும் மனைவியும் வண்டியை அமெரிக்காவின் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதை மறுபடி கருப்பாக்க வேண்டுமா? கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அந்த வெள்ளை, வண்டியைக் காப்பாற்றியவரின் கையெழுத்து. ஆனால் இன்று ஒரு பழைய வண்டியில் கை வைப்பவர் கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் சீட்டுக் கட்டி வைக்க வேண்டும். எதை, ஏன் மாற்றினோம் என்று எழுதி வைக்க வேண்டும்.

முதல் வண்ணத்தைக் கண்டறிய ஆவணம் இல்லாவிட்டாலும் வழி உண்டு. கதவுக் கீலின் அடி, டாஷ்போர்டின் பின்புறம், இருக்கைக்குக் கீழ் என்று வெயில் படாத இடங்களில் ஒரு நாணய அகலத்துக்கு 400, 800, 1200 எண் உப்புத்தாளால் ஈரத் தேய்ப்பாகத் தேயுங்கள். பூச்சுகள் மரத்தின் வளையங்கள்போல் ஒவ்வொன்றாகத் தெரியும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும்.

வெடித்த பிளாக்குக்கு இரண்டு வைத்தியம். வெல்டிங் என்றால் வார்ப்பு முழுவதையும் உலையில் சூடேற்றி, நிக்கல் கலந்த ராடால் பற்றவைத்து, மிக மெதுவாக ஆற விட வேண்டும். ஓரிடத்தை மட்டும் சூடாக்கினால், ஆறும்போது பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். இன்னொன்று மெட்டல் ஸ்டிச்சிங், விரிசலைத் திருகுகளால் தைப்பது. அதில் சூடே கிடையாது. முதலில் விரிசலின் இரு முனைகளிலும் துளை போட்டு அது மேற்கொண்டு நீளாமல் நிறுத்த வேண்டும். பிறகு விரிசல் நெடுகத் துளையிட்டு, மரை எடுத்து, ஒன்றோடொன்று கவ்வும்படி திருகுகளை இறக்குவார்கள். சிலிண்டர் வடிவம் கோணாது என்பதால் அரிய வண்டிகளுக்கு நான் சொல்வது இதைத்தான். எந்த முறையானாலும் பிளாக்கை அழுத்தச் சோதனை செய்யாமல் எஞ்சினைப் பூட்டாதீர்கள்.

குளிர்நாட்டில் வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்கு இன்னொன்று. உறைவதைத் தடுக்கும் எத்திலீன் கிளைக்கால் திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாமல் தாங்கும். தண்ணீரை வடிப்பதானால் ரேடியேட்டர் மட்டும் போதாது. பிளாக்கின் வடிகுழாயையும் திறக்க வேண்டும். துருச் சகதி அதை அடைத்திருக்கும். திறந்தும் சொட்டு வரவில்லை என்றால் காலியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள்.